இடது பக்கத்துப் பந்து

விளையாட்டில் தோற்பதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே தோற்றுப் பழக்கம். தோற்ற கையோடு, ஜெயித்த ஆளின் வீட்டிலேயே போய்ச் சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். என் மனைவிக்கு ஒரே ஒரு அண்ணன். கூமாப்பட்டிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லோடு வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். வண்டி நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு வாலிபால். எனக்கும் வாலிபால். நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று எங்கள் பக்கம் அவ்வப்போது பந்தயம் நடக்கும். அதில் அவர்கள் ஊர் அணிக்கு அவர்தான் எழும்பி ஷாட் அடிக்கிற ஆள். எங்கள் ஊர் அணியில் நான் என்ன ஆள் என்பதை இதுவரை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

ஆட்டம் முடிந்ததும் மச்சான் வந்து தோளில் கை போடுவார். வாரும் மாப்ளே, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்பார். கறிக்குழம்பை என் இலையில் ஊற்றிக்கொண்டே, நான் எந்தெந்தப் பந்தை எப்படியெப்படிக் கோட்டை விட்டேன் என்று ஆரம்பிப்பார். கையை இப்படி வைத்திருக்க வேண்டும், காலை அப்படி வைத்திருக்க வேண்டும் என்று கரண்டியோடு நடித்தும் காட்டுவார். என் மனைவி ரசம் எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் நின்று சிரிப்பாள். முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்பாள், ஆனால் தோள் குலுங்குவது எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. ஒரு மனுசன் கறியையும் அவமானத்தையும் எத்தனை தடவைதான் சேர்த்து விழுங்குவான்?

இந்த நிலைமையில்தான் எங்கள் அணிக்குள் அனலிசிஸ் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சுபேதார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது பென்ஷனோடு ஒரு விசிலையும் கொண்டுவந்தார். அந்த விசில் அவர் கழுத்தை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில்கூட சட்டைக்கு வெளியேதான் தொங்கும். வெளிநாட்டு கோச் ஒருவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்துவதை அவர் ஒருநாள் செல்போனில் பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் எங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார். இனிமேல் மாடு மேய்க்கிற மாதிரி பந்தைத் துரத்துகிற வேலை கிடையாது, எதிரியைப் படம் பிடித்து, அவன் கையும் காலும் எப்படிப் போகிறது, அவன் திட்டம் என்ன என்று அலசி ஆராய்ந்த பிறகுதான் நாம் பந்தைத் தொடுவது என்று அறிவித்தார்.

எங்களில் பாதிப் பேருக்கு மைதானத்துக்கு நடந்து வருவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். இந்த அழகில் ஆராய்ச்சி ஒன்றுதான் குறைச்சலா என்று முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்தது. விசில் அடித்து என்னை மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார்.

படம் பிடிக்க வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நெட்டுக்குப் பக்கத்தில் நின்று தடுக்கிற எங்கள் நெட்டையன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பஞ்சு மார்க்கெட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டம் ஆடுகிறார்கள், காதும் காதும் வைத்த மாதிரி எடுத்துக்கொண்டு வா என்று சுபேதார் சொல்லி அனுப்பினார். இவன் என்னடாவென்றால் ஸ்டாண்டு, குடை விளக்கு, பறக்கிற ட்ரோன் சகிதம் போய் இறங்கியிருக்கிறான். கேட்டவர்களிடம், புது கேமரா வாங்கியிருக்கிறேன், சோதித்துப் பார்க்க வந்தேன் என்றிருக்கிறான். எதிரணியே தலை சீவி, பவுடர் போட்டு, துவைத்த ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் கூடினோம். சுபேதார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் முதலில் ஒரு தாமரைப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து எதிரணி ஆட்கள் ஒவ்வொருவராகப் புன்சிரிப்போடு வெளியே வந்தார்கள். பிறகு ட்ரோன் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மைதானத்துக்கு இறங்கியது. ஆட்டம் தொடங்கியது. ஆனால் பந்தைக் காணவில்லை.

பந்தை எங்கேயுமே காணவில்லை. முகமாக வந்தது. ஷாட் அடிக்கிற சத்தம் கேட்கும், கூட்டம் கத்தும், திரையிலோ ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெரியவர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். பந்து எங்கேயடா என்று சுபேதார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நெட்டையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்தவுக மொகம் விழலைன்னா நாளைக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாக. பந்தா வந்து நிக்கப் போவுது?" என்றான். தொழில்காரனிடம் அதற்கு மேல் என்ன பேசுவது?

இன்னொன்றும் செய்திருந்தான். எந்த விசேஷத்திலும் கேமரா மாப்பிள்ளையை விட்டு நகரக் கூடாது என்பது அவன் தொழில் படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்த பாடமாம். அந்தப் பழக்கத்தில், இருப்பவர்களில் கொஞ்சம் எடுப்பாக இருந்த என் மச்சானை மாப்பிள்ளையாக எடுத்துக்கொண்டுவிட்டான். ஆட்டம் முழுக்க மச்சான்தான். மச்சான் தண்ணீர் குடிக்கிறார். மச்சான் ஷூ லேஸ் கட்டுகிறார். மச்சான் நெற்றி வியர்வையை வழித்துச் சுண்டுகிறார், அது மெதுவாக, நாதஸ்வர இசையோடு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த முகத்திடம் தோற்றது போதாதென்று அதைப் பெரிய திரையிலும் பார்க்க வேண்டுமா?

நான் எழுந்து கிளம்பப் போன நேரத்தில் சுபேதார் சடாரென்று கையைத் தூக்கினார். நிறுத்து, பின்னால் ஓட்டு என்றார். மறுபடியும் நிறுத்து என்றார். நாங்கள் எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம்.

விஷயம் இதுதான். பந்து தெரியாவிட்டாலும், அது எந்தப் பக்கம் வருகிறது என்று மச்சானின் கையையும் பக்கத்து ஆள் ஓடுவதையும் வைத்துக் கண்டுபிடிக்க முடிந்தது. நேராகவோ வலது பக்கமோ பந்து வந்தால் மச்சான் எப்போதும் போல எடுத்தார். இடது பக்கம் வந்தால் மட்டும், முகவாய் தோளில் இடிக்கிற அளவுக்குத் தலையை முழுசாகத் திருப்பினார். திருப்பிவிட்டு, எடு என்று பக்கத்து ஆளுக்குக் குரல் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, இடது பக்கம் வந்த ஒவ்வொரு பந்துக்கும் அப்படித்தான். ஆட்டம் முழுக்க அவர் முகத்தையே எடுத்திருந்ததால் தப்பிக்க வழியே இல்லாமல் எல்லாம் பதிவாகியிருந்தது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பந்தை விட்டுக்கொடுக்கிற வழக்கமே மச்சானுக்குக் கிடையாது. பக்கத்து ஆளுக்கு வருகிற பந்தையும் அவன் காலை மிதித்துக்கொண்டு போய் எடுக்கிறவர். அப்படிப்பட்டவர் விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதற்குள் ஏதோ சூது இருக்க வேண்டும் என்று எனக்கும் பட்டது.

சுபேதார் கண்ணை மூடிச் செத்த நேரம் யோசித்தார். பிறகு, "இது சாதாரண வேலை இல்லலே. எங்கேயோ போய் ட்ரெய்னிங் எடுத்துட்டு வந்திருக்கான்" என்றார். அவர் ஆராய்ச்சியின் முடிவு இப்படி இருந்தது: தலையைத் திருப்பினால் எதிரணி அந்தப் பக்கம்தான் ஆட்டம் போகப் போகிறது என்று ஏமாறும். பந்தை அடுத்தவனிடம் விட்டுவிட்டால் காலில் தெம்பு மிச்சமாகும், அதை எழும்பி அடிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். எதிரியின் ஆயுதத்தை நாமும் எடுக்க வேண்டும் என்றார். மறுநாளிலிருந்து எங்களுக்குக் கழுத்துப் பயிற்சி.

அந்தக் கண்றாவியை எப்படிச் சொல்வது? தொப்பையும் வழுக்கையுமாக ஆறு பேர் வரிசையாக நின்று, விசில் அடித்ததும் தலையை இடது பக்கம் வெடுக்கென்று திருப்பி, எடு, எடு என்று கத்துவோம். எல்லோரும் எடு என்று கத்தினால் எடுப்பது யார்? பந்து நடுவில் விழுந்து அதன் பாட்டுக்கு உருண்டு போகும். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏதாவது வேண்டுதலா என்று ஒரு அம்மா அக்கறையாகவே கேட்டது. இரண்டாம் வாரம் நெட்டையனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. கழுத்தில் டாக்டர் கொடுத்த பட்டையை மாட்டிக்கொண்டுதான் ஒரு முகூர்த்தத்துக்குப் போனான். அந்தக் கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற காட்சி கொஞ்சம் சரிவாக இருக்கும்.

நான் விடவில்லை. ஆயுதம் மச்சானுடையது அல்லவா? அதை வைத்தே அவரை அடித்தால் அந்தக் கறிக்குழம்புக்கு ருசியே வேறு. வீட்டிலும் பழகினேன். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி இடது பக்கமாகத் தோசை கொண்டுவந்து நீட்ட, நான் கழுத்தை வெடுக்கென்று திருப்ப, தோசை கீழே விழுந்தது. கழுத்தில் என்ன சுளுக்கா என்று கேட்டாள். எனக்குப் பெருமை பொங்கியது. ஒங்க அண்ணனோட வித்தையைத் திருடிட்டோம்ல என்று சொல்லி, நெட்டையன் அனுப்பியிருந்த வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினேன்.

முதலில் சிரித்தாள். தாமரைப்பூவுக்கு ரொம்பவே சிரித்தாள். பிறகு அண்ணன் தலை திருப்புகிற இடத்தை மறுபடி போடச் சொன்னாள். அப்புறம் போனை என் கையிலிருந்து வாங்கி அவளே திரும்பத் திரும்பப் போட்டாள். அடுப்பில் தோசை கருகியது, எழுந்து போகவில்லை. போன தடவை அவர்கள் வீட்டில் கிடா வெட்டினார்களே, அன்றைக்கு இடது பக்கம் ரசவாளியோடு நின்ற பெண்ணை அண்ணன் கவனிக்காமல் கையை வீசித் தட்டிவிட்டார், அந்தப் பிள்ளையை ஏன் அப்படித் திட்டினார் என்று அன்றைக்கே தோன்றியது என்றாள். தண்ணீர்ச் செம்பைச் சாய்த்தால் டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார் என்று அண்ணன் மனைவியான மதினியும் சொல்லியிருக்கிறாள். குடித்துவிட்டு ஊற்றுகிறார் என்று மதினிக்குச் சந்தேகம்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது வித்தை இல்லங்க. அண்ணனுக்கு இடது கண்ணு தெரியல" என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அப்படியானால் இத்தனை நாள் கழுத்தை ஒடித்துக்கொண்டது எதற்கு? அந்தக் கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அடுத்து அந்த லோடு வண்டி என் ஞாபகத்துக்கு வந்தது. தினமும் அதை எடுத்துக்கொண்டு போகிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கடைவீதி வழியாக வருகிறார்.

மச்சானுடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்து அதில்தான் இரண்டு கண்ணும் போனது. கடைசிக் காலத்தில் கையைப் பிடித்துத்தான் நடத்தினார்கள். அதைப் பார்த்து வளர்ந்த மச்சான், ரத்தம் சோதிக்கிற இடத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார். பார்த்தால்தான் வியாதி, பார்க்காவிட்டால் ஒன்றும் இல்லை என்பது அவர் சித்தாந்தம்.

மறுநாள் காலையிலேயே மனைவி போன் போட்டுக் கேட்டாள். எனக்கே கேட்கிற அளவுக்கு அந்தப் பக்கம் சிரித்தார். "அது என் டெக்னிக்கு தாயி. ஒன் வீட்டுக்காரரு காப்பியடிக்கப் பாக்காரோ?" என்றார். மதினி அழுது பார்த்தாள். சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். கடைசியில் ஒருநாள் கண்ணாஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவர் எதிர்க்கடையில் டீயைக் குடித்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார்.

என் மனைவி இரண்டு நாள் அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் பட்டறைக்குக் கிளம்புகிறபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வாயால சொன்னா அண்ணனுக்கு ஏறாது. பந்தால சொன்னாத்தான் ஏறும். அடுத்து வார பந்தயத்துல நீங்க போடுற சர்வீஸ் அம்புட்டும் அண்ணனுக்கு இடது பக்கக் கோட்டுல விழணும்" என்றாள்.

இந்த இடத்தில் என் சர்வீஸைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைதானத்தின் எந்த மூலைக்கும் அது போகும். நான் நினைக்கிற மூலைக்கு மட்டும் போகாது. டீக்கடை பிஸ்கட் பாட்டிலில் விழுந்திருக்கிறது. அம்பயர் மடியில் விழுந்திருக்கிறது. இதை வைத்து ஒரு மனிதனின் கண்ணைச் சோதிக்கச் சொன்னால் எப்படி?

விடிந்ததும் அவளே மைதானத்துக்கு வந்துவிட்டாள். தண்ணீர் டிரம்மின் மூடியைக் கொண்டுவந்து எதிர்ப்பக்கத்து மூலையில் கோட்டை ஒட்டிப் போட்டாள். அவருக்கு இடது பக்கம், எதிரே நின்று அடிக்கிற எனக்கு வலது பக்கம். அந்த மூடியில் விழ வேண்டும். நான் போட்டதெல்லாம் வானத்துக்கும் பூமிக்கும் போனது. பேசாமல் போனை எடுத்து என்னைப் படம் பிடித்தாள். பந்து தெரிகிற மாதிரி பிடித்தாள். வீட்டில் கொண்டுபோய் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: கையில் கோளாறு இல்லை, பந்தை மேலே தூக்கிப் போடுகிறபோதே அது தலைக்குப் பின்னால் போய்விடுகிறது, அதை எட்டிப் பிடிக்க முதுகு வளைகிறது, வளைந்த முதுகோடு அடிக்கிறபோது பந்து எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. வலது தோளுக்கு நேராக, கொஞ்சம் முன்னால் போடுங்கள் என்றாள். இத்தனை வருஷ ஆட்டத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. சுபேதார் சொன்னதெல்லாம் தம் கட்டு என்பது ஒன்றுதான்.

முன்னால் போட்டேன். மூடியில் விழவில்லை, ஆனால் மூடி இருக்கிற திசைக்குப் போனது. பிறகு மூடிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒருநாள் டொம் என்று மூடியிலேயே விழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொன்று போடுங்கள் என்றாள்.

விஷயத்தை நாங்கள் அணியில் யாருக்கும் சொல்லவில்லை. மச்சானுக்குக் கண் தெரியவில்லை என்று வெளியே போனால் தேங்காய் மண்டியில் ஒருத்தரும் லோடு கொடுக்க மாட்டார்கள். அதை அவராகத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். என் அதிகாலைப் பயிற்சியைப் பார்த்து சுபேதார் மட்டும் கண் கலங்கினார். அவருடைய அனலிசிஸ்தான் எனக்கு இவ்வளவு ரோஷத்தைக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பந்தயம் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில். சாயங்கால வெயிலில் எங்கள் ஆட்டம். ஓரத்தில் மதினியும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து மூன்றாவது செட்டில் இழுபறியாக நின்றபோது எனக்கு சர்வீஸ் முறை வந்தது. எதிரே, பின்வரிசையின் இடது மூலையில் மச்சான் நின்றார். என்னைப் பார்த்ததும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, மாப்ள சர்வீஸ், எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிடுங்க என்றார். ஊரே சிரித்தது.

பந்தைத் தோளுக்கு நேராகப் போட்டு அடித்தேன். இடது பக்கம் போனது. அவர் தலையைத் திருப்பி, எடு என்றார். பக்கத்து ஆள் விழுந்தடித்து ஓடி வந்து கையை நீட்டினான், பந்து தெறித்துக் கூட்டத்துக்குள் போனது. எங்களுக்குப் புள்ளி.

இரண்டாவது சர்வீஸை இன்னும் கோட்டை ஒட்டிப் போட்டேன். பக்கத்து ஆள் கிளம்பினான், இவர் தடுத்து, விடு, வெளியே போகுது என்று கையைத் தூக்கிவிட்டார். கோட்டில் நின்றவர் உள்ளே என்று கொடியைக் கீழே காட்டினார். மச்சான் சண்டைக்குப் போய்விட்டார். என் கண்ணு முன்னாடி வெளியே விழுந்த பந்தை உள்ளே என்கிறாயே என்று வேட்டி கட்டாத குறையாக வரிந்து கட்டிக்கொண்டு நின்றார். அம்பயர் பந்தை எடுத்துவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். அதில் கோட்டுச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. மச்சான் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். தன் இடத்துக்குப் போனார்.

மூன்றாவதுக்கு அவர் தயாராக நின்றார். பக்கத்து ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். இந்தப் பந்து என்னோடது என்று சொன்னது எனக்கே கேட்டது. முழங்காலை மடக்கி, கையைச் சேர்த்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நானும் போட்டேன். அவர் இடது காலுக்குப் பக்கத்தில், குனிந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் விழுந்தது. அவர் அசையவே இல்லை. விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினார்.

எங்கள் ஆட்கள் ஆடினார்கள். சுபேதார் சந்தோஷத்தில் விசிலை ஊதித் தள்ளினார், அம்பயர் கூப்பிட்டு எச்சரித்தார். நான் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வலது கையைத் தூக்கி வலது கண்ணை மூடினார். அப்படியே என்னைப் பார்த்து நின்றார். கையை எடுத்தார். மறுபடியும் மூடினார். கண்ணில் தூசி போலிருக்கிறது என்று யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள். ஓரத்தில் என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கை எடுக்கையில் மச்சானின் முகம் இருந்த இருப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அடுத்த பந்தை மேலே போடும்போதும் என் கண் அந்த முகத்திலேயே இருந்தது. அடுத்த சர்வீஸ் நெட்டைத் தாண்டவில்லை. அதற்கடுத்து என் முறை வந்தபோதும் தாண்டவில்லை. நாங்கள் தோற்றோம். கைக்கு வந்ததை நழுவவிட்டுட்டியேலே, இதுக்கா விடியக்காலம் எந்திரிச்சே என்று சுபேதார் தலையில் அடித்துக்கொண்டார். அனலிசிஸ் நன்றாகத்தான் இருந்தது, அதை நம்பி இறக்கிவிட்ட ஆள்தான் மோசம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மச்சான் என்னிடம் வந்தார். தோளில் கை போடவில்லை. "மாப்ளே, நாளைக்கு மதுரைக்குப் போவணும். வண்டிய நீரு ஓட்டும்" என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை வாசிக்கச் சொன்னார்கள். வலது கண்ணால் கடகடவென்று வாசித்தார். அதை மூடிவிட்டு இடது கண்ணால் வாசிக்கச் சொன்னதும் அதே வேகத்தில், அதே எழுத்துகளைச் சொன்னார். நானே ஒரு விநாடி நம்பிவிட்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பலகையை மாற்றினார். மச்சான் பலகையைத் தேடித் தலையை அங்கேயும் இங்கேயும் திருப்பினார். பெரிய எழுத்தாவது தெரிகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். வெளிச்சம் தெரியுதும்மா என்றார் மச்சான்.

சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்து இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, அதைப் பற்றி உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள், ஊசி போட்டு, லேசர் வைத்து அதைக் காப்பாற்றிவிடலாம் என்றார். பாதிப் பேர் எங்கேயாவது மோதிய பிறகுதான் வருகிறார்கள், நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மச்சான் என்னைக் கையைக் காட்டி, இவரு போட்ட சர்வீஸ்ல தெரிஞ்சுச்சும்மா என்றார்.

சோதனைக்கு மருந்து விட்டதில் வலது கண்ணும் தற்காலிகமாக மங்கிவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்த கையை அவர் விடவில்லை. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மாப்ளே," என்றார். "கூமாப்பட்டி ரோட்டுல ஒரு அம்மா புல்லுக்கட்டோட எடப்பக்கமாப் போயிருக்கு. நான் பாக்கவே இல்ல. கட்டு வண்டியில ஒரசுன சத்தந்தான் கேட்டுச்சு. எறங்கி ஓடிப்போய்ப் பாத்தா அந்தம்மா எந்திரிச்சு உக்காந்து புல்லப் பொறுக்குது. என்னைய ஒரு வார்த்தை திட்டல. பாத்துப் போப்பான்னு மட்டும் சொல்லுச்சு."

அவ்வளவு பெரிய ஆள் பெஞ்சு குலுங்க அழுதார். நானும் அழுதேன். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் எங்கள் இருவரில் யாருக்குக் கண்ணில் கோளாறு என்று கேட்டுவிட்டுப் போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிச் சாவி ஒம்ம கிட்டயே இருக்கட்டும். நானே கேட்டாலும் குடுக்காதீரும்" என்றார்.

மறுநாள் காலையிலேயே கேட்டார். நான் கொடுக்கவில்லை.